முன்கொக்கி

பாலக்கோட்டில் தக்காளி பறிக்கும் பெண்ணின் ரவிக்கைக்குக் கொக்கி முன்னால். உள்ளே போடும் பாடிக்கோ முதுகில். தோள் இறுகி, கை பின்னால் வளையாதவருக்கு எது தோது? ரவிக்கையை அளவெடுத்துத் தைக்கிறோம். பாடியை மட்டும் ‘34’ என்று ஓர் எண்ணைச் சொல்லி வாங்கிவிடுகிறோம். அந்த எண் மார்புக்குக் கீழ்ச் சுற்றளவை ஒட்டியது. கப்பின் ஆழத்தைச் சொல்லும் எழுத்தைப் பலரும் கேட்பதேயில்லை. பாரத்தைத் தாங்கவேண்டியது கீழ்ப்பட்டை. அது தளர்ந்தால் வார் தோளில் பள்ளம் பறிக்கும். முன்னால் கொக்கி வைத்த பாடியிலும் குறை உண்டு: முதுகுக் கொக்கிபோல வரிசை மாற்றி இறுக்கித் தளர்த்தப் பெரும்பாலும் வழியில்லை. அதனால் பட்டை அளவு முதலிலேயே சரியாக அமையவேண்டும். (டேப்பால் அளக்க ஒரு நிமிஷம், வெட்கப்படத்தான் நேரமாகும்.) முதுகுக் கொக்கிதான் கிடைத்ததென்றால், இடுப்பில் சுற்றி முன்னால் மாட்டி, திருப்பிவிட்டு, மேலே ஏற்றி, பிறகு வாரில் கை நுழைக்கலாம்.