கரையிறங்காதவர் எழுதிய தீவுகள்

குமரி முனையில் நின்று தெற்கே நோக்குவோர் பலர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கடலில் மூழ்கிய கண்டம் இந்தத் திசையில்தானே இருந்தது என்பர். நாஞ்சில் நாட்டவராகிய நமக்கு இக்கேள்வி பழகிப்போனது. நம் மாவட்டத்து இலக்கியக் கூட்டங்களில் பஃறுளியாறு பேசப்படாத கூட்டம் குறைவு. நம் பறளியாற்றையே அதன் எச்சமெனக் காட்டுவாரும் உளர். கேட்பவரின் ஆர்வத்தை நாம் குறைகூற வரவில்லை. ஆயினும், அக்கண்டத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றைத் திறனாய்வு நோக்கில் படிக்கும்போது ஒரு குறை பெரிதாகத் தெரிகிறது. அங்கே மலை உண்டு, ஆறு உண்டு, 49 நாடுகள் உண்டு, சங்கமும் உண்டு. அடுப்பு மூட்டிய ஒரு மனிதனைத்தான் காணோம். அவன் எதைத் தின்றான், எந்தக் கருவியால் வேட்டையாடினான், இறந்தவரை என்ன செய்தான் என்னும் கேள்விகள் அவ்வெழுத்துகளில் எழுவதே இல்லை.

லெமூரியா என்னும் பெயர் 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலறிஞர் இட்டது. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் உறவுடைய விலங்குகள் காணப்படுவதற்கு விளக்கம் தேடியபோது அவர் ஊகித்த நிலம் அது. கண்டங்கள் நகர்வன என்பது நிலைநாட்டப்பட்ட பின்னர், அறிவியலுக்கு அந்த ஊகம் வேண்டாததாயிற்று. நம்மவர் கைவிடவில்லை.

இதற்காகக் கடல்கோள் நினைவு முழுவதும் பொய்யென்று நாம் சொல்லிவிடவில்லை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர் உலகின் கடல்மட்டம் இன்றுள்ளதைவிட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. குமரிக்குத் தெற்கே நம் மீனவர் வலைவீசும் வெட்ஜ் திட்டின் சில பகுதிகளேனும் அன்று தரையாக இருந்திருக்க வேண்டும். பாக் நீரிணையோ முழுத் தரை. இலங்கை இறுதியாகத் தீவானது சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்னர்தான். மூழ்கிய நிலம் உண்மையாகவே இருந்தது. அது கண்டமன்று, கரை. அக்கரையில் நடமாடிய மனிதரின் சுவடுகளும் இரு பக்கத்திலும் கிடைத்துள்ளன. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பகுதிகளின் செந்நிறத் தேரி மணலில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி 1956-இல் சாய்னரும் ஆல்ச்சினும் விரிவாக எழுதினர். விரல் நகமளவுள்ள படிகக்கல், சர்ட் சில்லுகள் அவை. அவற்றை அம்பிலும் ஈட்டியிலும் பதித்து வேட்டையாடினர். இலங்கையின் செம்மண் மேடுகளிலும் இவ்வகைக் கருவிகளே கிடைக்கின்றன. குமரிக்கண்டத்தைப் பேசும் நூல்கள் காலடியில் கிடக்கும் இந்தச் சில்லுகளைப் பொருட்படுத்துவதில்லை.

இலங்கைக் குகைகளின் செய்தி இன்னும் வளமானது. பாலாங்கொடை மனிதன் என்று பால் தெரணியகலை பெயரிட்ட பழங்குடியினரின் வாழ்விடங்களான பாஹியன் குகை, பட்டதொம்ப லேனா, பெலி லேனா முதலியவற்றை அவருக்குப் பின் அவர் மகன் சிரான் தெரணியகலையும் பிறரும் அகழ்ந்தனர். பாஹியன் குகையில் மனித வாழ்வு ஏறத்தாழ 48,000 ஆண்டுப் பழமையுடையது. 2019, 2020 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் அக்குகைவாசிகளின் உணவையும் தொழிலையும் வியக்கத்தக்க நுட்பத்துடன் காட்டின. குரங்கையும் மரத்தில் வாழும் பேரணிலையும் அவர்கள் வேட்டையாடினர். அம்பு முனைகளை எலும்பிலே கூராக்கினர். காட்டு நத்தையும் கெக்குணக் கொட்டையும் உண்டனர். மழைக்காட்டு நடுவிலுள்ள குகையில் கடற்சிப்பி மணிகள் கிடைத்துள்ளன, சுறாப்பல்லும் கிடைத்துள்ளது. கடற்கரையாரோடு அவர்களுக்குக் கொடுக்கல் வாங்கல் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்த மக்களை மகாவம்சம் எவ்வாறு வருணிக்கிறது? இயக்கர் என்றது. வந்தேறியவர் கதையில் முன்பே இருந்தவர் மனிதராகக்கூட எண்ணப்படவில்லை. நாம் மட்டும் வேறு வகையினரா? இலங்கையின் கிழக்குக் கரையில், வாகரைப் பக்கத்தில், தமிழ் பேசும் வேடர்கள் வாழ்கிறார்கள். பாலாங்கொடை மனிதனின் எலும்புகளுக்கும் வேடரின் உடலமைப்புக்கும் உள்ள ஒற்றுமையை கென்னத் கென்னடி போன்றோர் எடுத்துக்காட்டியிருக்கின்றனர். மூழ்கிய தமிழனைத் தேடும் நம் எழுத்தாளர்களில் எத்தனை பேர் மூழ்காத இந்தத் தமிழ்பேசிகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதினர்?

பிறரைக் குறைகூறியது போதும். இனி நம் வீட்டுக்கு வருவோம். ஹிஜ்ரி 237, அதாவது கி.பி. 851-இல் எழுதப்பட்ட 'அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்' என்னும் அறபு நூலை நம்மில் பலர் பெருமையுடன் மேற்கோள் காட்டுவர். வணிகர் சுலைமானின் பெயரால் வழங்குவது; பின்னர் ஸீராஃப் நகரத்து அபூஸைத் இரண்டாம் பகுதி சேர்த்தார். மஸ்கட்டிலிருந்து கொல்லத்துக்கு ஒரு மாத ஓட்டம் என்றும், அங்கே நன்னீர் ஏற்றிக்கொண்டு கிழக்கே ஹர்கந்துக் கடலுக்குள் செல்வர் என்றும் அது கூறும். அக்கப்பல்கள் நம் குளச்சலையும் குமரியையும் கடந்தே சென்றிருக்கும். கடல்வழி பற்றிய அந்நூலின் செய்திகள் மிக நம்பகமானவை. நிக்கோபார் மக்கள் தோணிகளில் வந்து தேங்காய் தந்து இரும்பு வாங்கிச் சென்றதை அது சொல்கிறது. நேரில் கண்ட வியாபாரம், ஐயுற இடமில்லை.

அடுத்த தீவுக்கு வந்ததும் எழுத்தின் குரல் மாறிவிடுகிறது. அந்தமான் மக்கள் மனிதரை உயிருடன் தின்பவர், முகம் கொடியது, பாதம் நீண்டது, ஆடையில்லை என்கிறது. அவர்களிடம் தோணி இல்லை, இருந்திருந்தால் அவ்வழி செல்வோர் அனைவரையும் தின்றிருப்பர் என்றும் சொல்கிறது. காற்றில்லாமல் தாமதித்த கப்பல்களில் தண்ணீர் தீர்ந்து, மாலுமிகள் அங்கே இறங்க நேர்ந்ததையும், சிலர் பிடிபட்டதையும் அதே பத்தி தெரிவிக்கிறது.

இப்பத்தியை நாம் இலக்கியமாகப் படித்துப் பார்க்கலாம். எழுதியவருக்குத் தெரிந்தது என்ன? தாகம், அச்சம், கரையில் நின்ற வில்லாளர். மற்றவை கப்பற்றளத்தில் பேசிப் பேசி வளர்ந்தவை. தோணி இல்லை என்பது தவறு. அந்தமான் மக்கள் ஒரு பக்கம் மிதவை கட்டிய தோணிகளைக் குடைந்து, அவற்றில் சென்று ஆமையும் மீனும் வேட்டையாடியவர்கள். 19-ஆம் நூற்றாண்டில் அவர்களிடையே ஆண்டுக்கணக்கில் பழகிய ஈ. எச். மேன் இதை எழுதினார். நரமாமிசம் உண்பதாகச் சொல்வதை மறுத்தார். இறந்த உற்றாரின் எலும்பை மாலையாகக் கோத்து அணிவதும், மண்டையோட்டை நினைவாகக் கழுத்தில் தொங்கவிடுவதும் அவர்கள் வழக்கம். தொலைவில் நின்று அதைக் கண்ட மாலுமி என்ன நினைத்திருப்பான் என்று ஊகிப்பது கடினமன்று. தாய் தன் பிள்ளையின் எலும்பை மார்பில் அணிந்திருந்த துயரம், கப்பலில் இருந்து பார்த்தவருக்கு விருந்தின் மிச்சமாகத் தோன்றியிருக்கலாம். மலாய் அடிமைக் கொள்ளையர் அத்தீவுக்கு வந்து ஆட்களைப் பிடித்துச் சென்றதும் வரலாறு. தண்ணீருக்கு வந்தவனையும் ஆள்பிடிக்க வந்தவனையும் கரையில் நிற்பவன் எவ்வாறு வேறுபடுத்துவான்?

அந்தமானில் சிப்பிமேடுகள் பல உள்ளன. தலைமுறை தலைமுறையாக ஓரிடத்திலே தங்கி, உண்டு எறிந்த சிப்பியும் எலும்பும் குவிந்து குன்றானவை. 1870-இலேயே ஸ்டொலிக்ஸ்கா இவற்றைப் பற்றிக் குறிப்பெழுதினார். முறையாக ஆய்ந்து நூலாக்கியவர் ஸரீன் கூப்பர். அவருடைய நூல் 2002-இல் வெளிவந்தது. தென் அந்தமானின் சவுல்தாரி மேட்டின் அடிப்பகுதிக்குக் கதிரியக்கக் கரிமக் கணிப்பு ஏறத்தாழ 2,280 ஆண்டு வயது தந்தது. மேடுகளில் கிடைத்தவை சிப்பிகள், மீன் முள், ஆமை, காட்டுப்பன்றி எலும்புகள், மட்கல ஓடுகள், கல் சில்லுகள். மனிதரை மனிதர் தின்றதற்குச் சான்றில்லை. ஆயிரத்து நூறாண்டுக்கு முன் எழுதப்பட்ட ஒரு பத்திக்கு இந்தக் குப்பை எழுதிய மறுப்புரையாகவே நாம் அதைக் கருதுகிறோம்.

அறபு நூல்கள் எல்லாம் இத்தகையன அல்ல. 1343-இல் மாலைத்தீவு சென்ற இப்னு பதூதா அங்கே காஜியாக இருந்தார், மணமுடித்தார், சண்டையும் போட்டார். மகளிர் உடை குறித்துத் தாம் இட்ட கட்டளை எடுபடவில்லை என்பதை மறைக்காமல் எழுதினார். (இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை நம்பலாம்.) சோழிகளைக் கடலிலிருந்து எடுத்துக் குழியிலிட்டு, தசை அழுகிய பின் வங்காளத்துக்கு அனுப்பி அரிசி வாங்குவதை அவர் விவரிக்கிறார். 1996 முதல் 1998 வரை காஷிதூ தீவில் எகில் மிக்கெல்சென் அகழ்ந்த பழைய பௌத்த மடத்தின் இடிபாட்டில் சோழிக் குவியல் கிடைத்தது. இப்னு பதூதாவுக்கு வெகு முன்பே அத்தீவாருக்குச் சோழி செல்வமாயிருந்தது என்பதற்கு அது சாட்சி. இதற்கு மாறாக, 1980-களில் அங்கு வந்த தோர் ஹெயர்டால், கதிரவனை வணங்கிய பழங்கடலோடிகளைத் தேடினார். 1986-இல் நூலும் எழுதினார். அவரும் கரையிறங்கியவர்தாம். ஆனால் முடிவைக் கப்பலிலேயே எழுதி வைத்துவிட்டு இறங்கியவர் என்று நமக்குப் படுகிறது.

அந்தமானுக்குத் திரும்புவோம். ஹைதராபாத்தின் உயிரியல் மையத்தைச் சேர்ந்த தங்கராஜ் முதலியோர் 2005-இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, ஓங்கே, பெரிய அந்தமானியர் ஆகியோரின் தாய்வழி மரபு பல பதினாயிரம் ஆண்டுகள் தனித்து நின்றது என்றது. அகழ்வாய்வோ 2,280 ஆண்டோடு நிற்கிறது. இந்த இடைவெளிக்கு ஒரு விடை, பழங்கரைகளைக் கடல் மூடியது என்பது. கடல் ஏறியபோது கரையோரத்துப் பழைய சிப்பிமேடுகள் நீருக்குள் போயிருக்கலாம். கடல்கோளுக்குச் சான்று தேடுவோர் இந்த மேடுகளையும் எண்ணிப் பார்க்கட்டும். மாளிகைகள் அங்கே கிடைக்காது, சமையற்கழிவு கிடைக்கலாம்.

2004 டிசம்பர் 26 அன்று குளச்சலையும் கொட்டில்பாட்டையும் மணக்குடியையும் அழித்த அதே அலை அந்தமானையும் தாக்கியது. டூகாங் கிரீக்கில் இருந்த ஓங்கேயர் மேட்டுக்குச் சென்று பிழைத்தனர். ஆறாவது அறிவு என்று எழுதின ஏடுகள். கடலைக் கற்ற அறிவு என்று எழுத மனம் வரவில்லை. வடக்கு சென்டினல் தீவில் ஒருவர் ஹெலிகாப்டரை நோக்கி வில்லை வளைத்த படம் உலகெங்கும் அச்சாயிற்று. கப்பற்றளம் போய் ஹெலிகாப்டர் வந்தது. பார்வை 851-இல் இருந்ததுதான். கரையிறங்குதல் என்று நாம் சொல்வதை யாரும் அத்தீவில் கால் வைப்பதற்கான பரிந்துரையாகக் கொள்ள வேண்டாம். 1956-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதி அதைத் தடுக்கிறது; தடுப்பதே முறை. ஆய்வாளர் கரையிறங்கியது அம்மக்களின் குப்பைமேட்டுக்கே ஆகும்.

அம்மேடுகள் தரும் சேதிகளில் ஒன்று நம் நெஞ்சில் தங்கிவிட்டது. பழங்காலத்தில் அந்தமான் பெண்கள் தலைமயிர் மழிக்கப் படிகக்கல் சில்லைப் பயன்படுத்தினர். அயலார் கப்பல்கள் வந்த பின் சீசாக் கண்ணாடியை அதே முறையில் தட்டிச் சில்லெடுத்தனர். கை மாறவில்லை, பொருள் மாறியது. 1858-இல் ஆங்கிலேயர் கைதிகள் குடியிருப்பை நிறுவினர். அதன்பின் நோய்கள் பரவின. ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர் 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961-இல் 19 பேர். மனிதரைத் தின்பவர் என்று நூல் எழுதிய மக்களின் கதி இது.

நம் இதழ்களும் பதிப்பகங்களும் அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்தை வெளியிட விரும்பினால், அந்தமான் பத்திக்குக் கீழே சவுல்தாரி மேட்டைப் பற்றிய அடிக்குறிப்பு ஒன்றையும் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அடிக்குறிப்பு பத்தியைவிட நீளுமாயின் நீளட்டும்.