ஆபிரகாம் பண்டிதரின் இசையாராய்ச்சி: ஒரு சமூகவியல் நோக்கு

தமிழிசை வரலாறு எழுதுவோர் ஆபிரகாம் பண்டிதரை (1859–1919) முன்னோடியெனப் போற்றுவதோடு அமைந்துவிடுகின்றனர். போற்றுதல் ஆராய்ச்சியாகாது. 1917 இல் வெளிவந்த 'கருணாமிர்த சாகரம்' எத்தகைய சமூகத் தேவையினின்று பிறந்தது என்பதே நாம் எழுப்பவேண்டிய வினாவாகும்.

1855 இல் தஞ்சை மராத்திய அரசமரபு முடிவுற்றதும் அரசவை ஆதரவு குன்றிற்று; இசையின் ஆதிக்கம் சென்னைச் சபாக்களை நடத்திய நகர்ப்புற மேற்சாதியினர் கைக்கு மாறலாயிற்று. தென்காசிப் பகுதியிலுள்ள சாம்பவர் வடகரையிற் பிறந்த பண்டிதரோ கிறிஸ்தவர். ஆசிரியராயிருந்து சித்த மருத்துவரானவர். மருந்து விற்பனையாற் சேர்ந்த செல்வமே அவர்தம் ஆராய்ச்சிக்கு மூலதனம். 1912 இல் தஞ்சையிற் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, மாநாடுகளையும் தம் செலவிலேயே கூட்டினார். சபாவின் தயவும் மடத்தின் தயவும் வேண்டாத ஒருவராலேயே, சாரங்கதேவர் வழிவந்த 22 சுருதிக் கொள்கையை 1916 இல் பரோடா மாநாட்டில் மறுத்து நிற்க முடிந்தது எனலாம்.

சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் ஆதாரமாகக் கொண்டு, ஆயப்பாலையில் 12, வட்டப்பாலையில் 24 என அவர் கணித்தார். இளிக்கு இளியாகப் பன்னிருமுறை சென்றால் தொடங்கிய சுரத்தையே அடைதல் வேண்டும். 2/3 என்னும் பின்னத்தாற் கணிப்பின் சிறிது பிசகும். அப்பிசகை ஒழிக்கவே ஸ்தாயியைச் சமபங்குகளாக வகுத்தார். இங்கே நாம் நிதானித்தல் வேண்டும். சமபங்கீடு பியானோவிற்கும் ஆர்மோனியத்திற்கும் உரியது. பண்டிதர் காலத்துத் தேவாலயங்களில் ஒலித்தது. இளங்கோவின் யாழ் அவ்வாறே சுருதி கூட்டப்பட்டது என்பதற்கு நூலிற் சான்றில்லை. காலனித்துவ நாட்டு அறிவாளி பழம்பெருமைக்கு நவீன கணிதத்திடம் சான்றிதழ் கேட்ட நிலையே இது. விபுலானந்த அடிகள் அதே மூலங்களைக் கொண்டு 'யாழ் நூல்' (1947) இல் 22 அலகுகளை ஏற்றமையும் சிந்திக்கற்பாலது.

சாகித்தியகாரராகிய பண்டிதர் இத்துணைக் கலகக்காரரல்லர். கிறிஸ்து பெருமானைப் பாடும் அவர்தம் கீர்த்தனைகள், சபாக்கள் ஏற்ற இராகங்களிலும் பல்லவி, சரண அமைப்பிலுமே நடப்பன. கொள்கையில் உடைத்த வேலிக்குள் பாட்டில் அவர் அமைதியாக வாழ்ந்தார்.

முல்லைத்தீவிலிருந்து நோக்கும் நமக்கு இன்னொரு குறையும் புலனாகின்றது. சிலம்பின் இசையை ஏட்டிலே தேடிய பண்டிதர், கண்ணகி கதையைப் பாடும் உழைக்கும் மக்களின் குரலைச் சான்றாகக் கொள்ளவில்லை. வற்றாப்பளைக் கண்ணகி வழிபாடு நிலவும் இப்பகுதியில் முல்லைமோடிக் கோவலன் கூத்தை ஆடிவருவோர் உழவரும் கடற்றொழிலாளருமே. (வற்றாப்பளையை வட்டப்பாலையோடு முடிச்சிடும் ஒலியொப்புமை ஆராய்ச்சி நமக்கு வேண்டியதன்று.) கூத்தின் இசை இளங்கோ காலத்து இசையென நாம் கொள்ளவில்லை, ஆயினும் அண்ணாவியார் குரல் எவ்விடைவெளிகளில் இயங்குகின்றதென அளக்கலாம். பரோடாவில் தம் மகளிரைப் பாடச்செய்து கணக்கைச் செவியின் சோதனைக்கு விட்டவர் பண்டிதர். வழியைக் காட்டியவரும் அவரே. 2009 இன் பேரழிவிற்குப் பின் எஞ்சியுள்ள மூத்த அண்ணாவிமாரோ சிலர். அவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு செல்லவேண்டியது நம் பல்கலைக்கழகங்களின் உடனடிப் பணி.