அணிந்த சின்னமும் ஆக்கிய சின்னமும்

2025ஆம் ஆண்டு யூலை மாதம் எனது பத்தாந்தர வகுப்பு மாணவனொருவன் தன் புத்தகப்பையில் ஒரு சிறு துணிச்சின்னத்தைத் தைத்துக்கொண்டு வந்தான். கறுப்புத் துணி, அதில் வெள்ளை மண்டையோடு, மண்டையோட்டின் மேல் வைக்கோல் தொப்பி. பாடசாலைக்குப் பொருந்தாதது என்று கூறி அதைக் கழற்றுவித்தேன். "கொள்ளைக்காரரின்ரை கொடியெண்டுதான் எல்லாரும் நினைக்கினம், சேர். இது கூட்டாளியைக் கைவிடாத ஆக்களின்ரை கொடி" என்றான். நான் மறுமொழி கூறவில்லை. சின்னம் எனது மேசை லாச்சிக்குள் சென்றது.

அடுத்த மாதமே அச்சின்னத்தைப் பத்திரிகையொன்றிற் கண்டேன். இந்தோனேசியாவின் லொறிச் சாரதிகள் தமது வண்டிகளில் அதைப் பறக்கவிட்டிருந்தனர். ஓகஸ்ட் 17ஆம் திகதி வரும் சுதந்திர தினத்திற்கு யாவரும் தேசியக் கொடி ஏற்றவேண்டுமென அரசாங்கம் கேட்டிருந்த வேளை அது. பாராளுமன்றத் தலைவர்களில் ஒருவர் இது நாட்டைப் பிளவுபடுத்தும் முயற்சி என்றார். அமைச்சரொருவர் சட்டத்தைக் காட்டி எச்சரித்தார். ஒரு வகுப்பறையில் நான் செய்ததையே ஓர் அரசாங்கம் பெரிய அளவிற் செய்துகொண்டிருந்தது. அந்த ஒப்புமை எனக்கு மகிழ்ச்சி தரவில்லை. இக்கட்டுரை அதன் விளைவு.

ஒரு கதையின் மீது கொண்ட பித்தினை உடையிலும் பையிலும் பேச்சிலும் தாங்கித் திரியும் இளைஞரைப் பற்றி நம்மிடையே இரண்டு தீர்ப்புகள் ஆயத்தமாக உள்ளன. ஒன்று, படித்த பெரியோருடையது: இது சிறுபிள்ளைத்தனம், பொழுது போக்கும் வழி. மற்றையது, முற்போக்காளர் என்று கூறிக்கொள்ளும் நம்மவருடையது: இது பன்னாட்டு மூலதனத்தின் பண்டம், யதார்த்தத்திலிருந்து தப்பியோடும் மார்க்கம். இவ்விரு தீர்ப்புகளும் வெவ்வேறு திசையிலிருந்து வந்தாலும் ஒரே தவறினையே செய்கின்றன. அணியப்பட்ட பொருளைக் காண்கின்றன. அணிந்தவன் அப்பொருளைக் கொண்டு என்ன செய்கிறான் என்பதைக் காண்பதில்லை.

முதலாவது தீர்ப்பினைக் கூறும் பெரியோர் தம் இளமையைச் சற்று நினைவுகூர்தல் நன்று. 1950இல் தொடங்கிக் 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' வாரந்தோறும் வெளிவந்தபோது, அதன் பக்கங்களைக் கத்தரித்துச் சேர்த்துத் தைத்து, அட்டை கட்டிக் காத்த குடும்பங்கள் எத்தனை! குந்தவை என்றும் நந்தினி என்றும் பூங்குழலி என்றும் தம் பெண்களுக்குப் பெயரிட்டோர் எத்தனை பேர்! பிள்ளைக்குப் பெயராக்கிக் கதையை வீட்டுக்குள் அழைத்தவர், பையிற் சின்னமாக்கிய பேரனைப் பார்த்து நகைப்பதில் நியாயமில்லை.

இரண்டாவது தீர்ப்பு விரிவாக ஆராயத்தக்கது. அதற்கு இவ்வழக்கத்தின் வரலாற்றுக்குச் செல்லவேண்டும். 1939ஆம் ஆண்டு யூலை 2ஆம் திகதி நியூயோர்க் நகரில் முதலாவது உலக விஞ்ஞானக் கதை மாநாடு ஆரம்பமாயிற்று. வந்தவர்கள் ஏறத்தாழ 200 பேர். அங்கு ஃபொரஸ்ட் அக்கர்மன் என்னும் இளைஞரும், மொறோஜோ என்று அறியப்பட்ட மேர்ட்டில் டக்ளஸ் என்னும் பெண்ணும் எதிர்கால மனிதரைப் போல் உடையணிந்து தோன்றினர். சஞ்சிகைச் சித்திரங்களையும் 1936இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தையும் தழுவி அவ்வுடைகளைத் தைத்தவர் மொறோஜோவே. இன்று உலகெங்கும் இளைஞர் கதைமாந்தரின் வேடம் பூண்டு கூடும் வழக்கத்தின் தொடக்கங்களுள் ஒன்றாக இது கொள்ளப்படுகிறது.

அதே நாளில் அதே மண்டபத்தின் வாயிலில் இன்னொன்றும் நிகழ்ந்தது. 'ஃபியூச்சரியன்ஸ்' என்ற இடதுசாரிச் சார்புடைய ரசிகர் குழுவைச் சேர்ந்த ஆறு பேர் உள்ளே விடப்படவில்லை. அவர்களுள் டொனால்ட் வொல்ஹைமும் பிரெடெரிக் போலும் ஜோன் மிச்செலும் அடங்குவர். போல் அந்நாளில் இளம் பொதுவுடைமையாளர் சங்கத்தைச் சேர்ந்தவர். எதிர்காலத்தைப் பற்றிய கதைகளை நேசிப்போர் அவ்வெதிர்காலம் எத்தகையதாக இருக்கவேண்டுமென்பதில் அக்கறையற்றிருத்தல் தகாது என்ற வாதத்தை மிச்செல் 1937 அளவிலேயே எழுப்பியிருந்தார். மாநாட்டினரின் அதிகாரப் போக்கைக் கண்டித்து ஒரு துண்டுப்பிரசுரமும் அன்று அங்கு காணப்பட்டது. அதுவே அவர்களைத் தடுப்பதற்குக் காரணமாயிற்று. தைத்த உடை உள்ளே சென்றது. அச்சிட்ட பிரசுரம் வெளியே நின்றது.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. உடை தைத்தவரும் பிரசுரம் அச்சிட்டவரும் ஒரே இனத்தைச் சேர்ந்த மனிதர். இருசாராரும் கதையை வாசித்துவிட்டு வைத்துவிடவில்லை. தம் கையால் அதனோடு ஏதோ சேர்த்தனர். ரசிகன் ஆக்குபவனாக மாறும் இடம் அது. 1975ஆம் ஆண்டு டிசெம்பரில் தோக்கியோவில் சித்திரக்கதை ரசிகர்கள் தாமே எழுதி, வரைந்து, அச்சிட்ட வெளியீடுகளை விற்பதற்குக் கூடியபோது வந்த குழுக்கள் 32. ஆட்கள் ஏறத்தாழ 700. 'கொமிக்கெற்' எனப்படும் அச்சந்தைக்குப் பிற்காலத்தில் பல இலட்சம் பேர் வந்தனர்.

ஆயின் மூலதனம் இதனைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்கவில்லை. மக்களின் பிரியத்துக்கு விலையுண்டு என்பதை அது விரைவிற் கற்றுக்கொண்டது. 2012ஆம் ஆண்டு டிஸ்னி கொம்பனி 'ஸ்ரார் வோர்ஸ்' படங்களுக்கு உரிய லூக்காஸ்ஃபிலிம் நிறுவனத்தை 4 பில்லியன் டொலருக்கு மேற் கொடுத்து வாங்கிற்று. வாங்கப்பட்டவை திரைப்படச் சுருள்கள் மாத்திரமா? மூன்று தசாப்தங்களாக இலட்சக்கணக்கானோர் அக்கதைமீது வைத்த அன்பும் விலையிற் சேர்ந்தே இருந்தது. மொறோஜோ தைத்த இடத்தில் இன்று ஆயத்த உடை தொங்குகிறது. அதை எந்நாட்டு ஆடைத்தொழிற்சாலைப் பெண்ணின் கை, என்ன கூலிக்குத் தைத்தது என்பது அணிபவனுக்குத் தெரியாது. ஆக, பண்டம் என்ற குற்றச்சாட்டில் உண்மையுண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அது முழு உண்மையன்று.

எனது மாணவனின் சின்னத்துக்குத் திரும்புவோம். அது 'வன் பீஸ்' என்னும் யப்பானியச் சித்திரக்கதையிலிருந்து வந்தது. ஒடா எய்ச்சிரோ 1997ஆம் ஆண்டு யூலை முதல் ஒரு வாரச் சஞ்சிகையில் வரைந்துவரும் தொடர்கதை அது. 2022இல் அதன் பிரதிகள் உலகெங்கும் 50 கோடியைத் தாண்டின. லூஃபி என்னும் இளைஞனும் அவன் தோழரும் கடலோடிப் புதையல் தேடுவது கதையின் மேற்பரப்பு. அதன் அடியிலோ ஓர் உலக அரசாங்கம் இருக்கிறது. அதன் உச்சியில் அரசர் வழிவந்த பிரபுக்கள் மனிதரை அடிமைகளாக வைத்திருக்கின்றனர். சரித்திரத்தில் ஒரு நூறாண்டு காலத்தை எவரும் ஆராயக்கூடாதென்பது அவ்வரசின் சட்டம். ஆராய்ந்த குற்றத்திற்காக ஒஹாரா என்ற தீவு குண்டுவீசி அழிக்கப்படுகிறது. நூலகம் எரியும்போது அறிஞர்கள் தப்பியோட முயலாது நூல்களை ஏரிக்குள் எறிந்து காக்கின்றனர். அத்தீவிலிருந்து ஒரு சிறுமி உயிர் தப்புகிறாள். வளர்ந்தபின் அவளை அவ்வரசாங்கம் சிறைப்பிடிக்க, தோழர் அவ்வரசின் கொடியை எரித்து அவளுக்காகப் போர் அறிவிக்கின்றனர். மாணவன் சொன்ன 'கூட்டாளியைக் கைவிடாத ஆக்கள்' இவர்களே.

இன்னொரு கட்டம் நமது பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. பிரபுக்களிடமிருந்து தப்பிய அடிமைகளின் உடலிற் சூட்டுக்குறி இருக்கிறது. அதை மறைப்பதற்குச் சூரிய வடிவிலான குறியொன்றை அதன்மேல் இடுகின்றனர். அடிமையாய் இராத தோழரும் அதே குறியை இட்டுக்கொள்கின்றனர். எவன் அடிமையாய் இருந்தவன் என்பதை இனி எவராலும் பிரித்தறிய முடியாது. சின்னம் அணிவதன் பொருள் யாதென்பதை இதனினும் தெளிவாகக் கூறும் பகுதியை நான் அண்மையில் எந்த நாவலிலும் வாசித்ததில்லை.

இவற்றைக் கூறுவதால் அப்படைப்பின் குறைகளை நாம் மறைக்கவேண்டுவதில்லை. அங்கு விடுதலை பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் வீரனால் வாய்க்கிறது. மக்கள் அழுகின்றனர், பின் ஆரவாரிக்கின்றனர். கொடுங்கோலன் வீழ்ந்தபின் பல நாடுகளில் நல்லரசனொருவன் மீண்டும் சிம்மாசனம் ஏறுகிறான், மக்களாட்சி தோன்றுவதில்லை. தன் முயற்சியால் உயர்ந்தவனாகக் காட்டப்படும் நாயகன் பின்னர் புகழ்பெற்ற குலத்தின் வாரிசாகவே வெளிப்படுகிறான். பெண் பாத்திரங்கள் துணிவும் அறிவும் உடையவர்கள். ஆயினும் அவர்களது உடல்கள் சந்தையின் கண்ணுக்கேற்பவே வரையப்பட்டுள்ளன. நிலமானியக் கனவும் சனநாயக ஆவேசமும் ஒரே தாளில் மோதிக்கொள்ளும் படைப்பு அது.

அப்படிப்பட்ட படைப்பிலிருந்து மக்கள் எதை எடுத்தனர் என்பதே கேள்வி. இந்தோனேசியர் அரசனை எடுக்கவில்லை, கொடியை எடுத்தனர். சிறு தையற்காரரிடம் அக்கொடிக்கான கேள்வி ஆயிரக்கணக்கிற் பெருகிற்று. 2025 செப்டெம்பர் 8ஆம் திகதி நேபாளத்தில் சமூக ஊடகத் தடையையும் ஊழலையும் எதிர்த்து இளைஞர் திரண்டனர். அன்று மட்டும் 19 பேர் கொல்லப்பட்டனர். மறுநாள் பிரதமர் பதவி துறந்தார். எரிந்துகொண்டிருந்த சிங்க தர்பாரின் வாயிலில் வைக்கோல் தொப்பிக் கொடி தொங்கிற்று. அம்மாத இறுதியில் மடகாஸ்காரில் நீரும் மின்சாரமுமின்றி வாடிய இளைஞர் தெருவுக்கு வந்தனர். அவர்கள் அக்கொடியை ஏந்தியபோது ஒரு மாற்றம் செய்தனர். மண்டையோட்டின் மேலிருந்த வைக்கோல் தொப்பியை அகற்றித் தம் நாட்டின் பெத்சிலேயோ மக்கள் அணியும் தொப்பியை வரைந்தனர்.

அந்தத் தொப்பி மாற்றத்தையே நான் இக்கட்டுரையின் மையமாகக் கருதுகிறேன். எந்தக் கொம்பனியும் அவ்வாறு வரையும்படி கூறவில்லை. எந்தக் கடையிலும் அது ஆயத்தமாகக் கிடைக்கவில்லை. அந்நியப் பண்டமாக வந்ததைத் தம் மண்ணின் மொழியாக்கிக்கொண்டனர். அணிந்த சின்னம் ஆக்கிய சின்னமாயிற்று.

சின்னம் அரசியலாகிவிடுமா? ஆகாது. மடகாஸ்காரின் சனாதிபதி ஒக்டோபரில் நாட்டைவிட்டு ஓடினார். ஆட்சியை ஏற்றது இராணுவம். தாய்லாந்தில் 2014ஆம் ஆண்டு இராணுவப் புரட்சிக்குப்பின் ஒரு கதையிலிருந்து எடுத்த மூவிரற் சைகை எதிர்ப்பின் அடையாளமாயிற்று. அச்சைகை இராணுவத்தை வீழ்த்திவிடவில்லை. கொடி மக்களைக் கூட்டும். கூடியவர் என்ன செய்யவேண்டும் என்பதைக் கொடி கூறாது. அதற்கு அமைப்பு வேண்டும், வாசிப்பு வேண்டும், வரலாற்றறிவு வேண்டும். நமக்கு வேலை இருப்பது அங்கேதான். நாமோ அவ்வேலையை விடுத்துச் சின்னத்தைப் பறிப்பதில் முனைந்து நிற்கிறோம்.

விடுமுறை முடிந்ததும் அம்மாணவனை அழைத்துச் சின்னத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பாடசாலை விதி விதிதான். பையில் தைக்கவேண்டாம், கொப்பிக்குள் வைத்துக்கொள் என்றேன். ஒஹாராவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருமாறும் கேட்டேன். நான்கு பக்கம் எழுதினான். பரீட்சைக்கென்று அவன் ஒருநாளும் நான்கு பக்கம் எழுதியவனல்லன். நான் எதிர்பாராத ஒரு வாக்கியம் அதில் இருந்தது. நூலகம் எரியும் காட்சியை அவன் வீட்டிற் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மப்பா எழுந்து வெளியே போய்விட்டாராம். ஏனென்று அம்மாவிடம் கேட்டுத்தான் 1981ஐப் பற்றி அறிந்தானாம்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் அவ்வாண்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அவன் அக்கட்டடத்தைப் பலமுறை கடந்து சென்றிருக்கிறான். அதைப் பற்றி வகுப்பில் நான் அவனுடன் ஒருநாளும் பேசியதில்லை. ஒரு யப்பானியச் சித்திரக்கதை அவனைத் தன் பாட்டனின் துயரத்தின் வாயிலிற் கொண்டுபோய் நிறுத்தியது. தமிழாசிரியனாகிய நான் செய்யத் தவறியதை அது செய்தது என்று கூற எனக்கு வெட்கமாயிருக்கிறது. கூறாமல் விடுவது அதனினும் வெட்கம்.

ஆசிரியத் தோழர்களே, நமது மாணவர் எதையேனும் அணிந்துகொண்டு வகுப்புக்கு வருவர். கழற்று என்பதற்கு முன்னர், இதில் உனக்குப் பிடித்த இடம் எது, நீ இதனோடு எதைச் சேர்த்தாய் என்று கேட்போம். வெறும் பண்டமாய் இருந்தால் அக்கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும். பண்டத்துக்கு மேலாக ஏதேனும் இருந்தால், நமது பாடம் அங்கிருந்து தொடங்கலாம்.