கட்டமும் கார்வையும்: புரோ டூல்ஸ் தொகுப்புச் சாளரம் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

பல்தட ஒலிப்பதிவு மென்பொருளின் தொகுப்புச் சாளரம், பதிவான இசையை அலைவடிவமாகவும் சம அளவுக் கட்டங்களாகவும் காட்டுகிறது. அவ்வாறு காட்டுவதே இசையை ஒரு வகையில் வாசிப்பதாகும். அவ்வாசிப்பில் கீர்த்தனையின் எடுப்பும் விருத்தத்தின் கார்வையும் எளிதில் தவறிப்போகின்றன என்பதைப் புரோ டூல்ஸ் மென்பொருளின் நகர்வு முறைகளையும் வெட்டு முறைகளையும் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பல்தட ஒலிப்பதிவு, அலைவடிவம், எடுப்பு, கார்வை, விருத்தம், பாடவேறுபாடு

காதிலிருந்து கண்ணுக்கு

ஒலிநாடாக் காலத்தில் வெட்ட வேண்டிய இடத்தைக் காதே கண்டறிந்தது. பதிவாளர் நாடாச் சுருள்களைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல உருட்டுவார். ஒலி தொடங்கும் புள்ளியைக் கேட்டறிந்து பென்சிலால் குறியிடுவார். பின்னர் சவர அலகால் அறுத்து ஒட்டுவார். இம்முறையில் நிகழ்ந்த ஒட்டு வேலையைக் கலைச்செயலாகவே கருதியவர் கனடியப் பியானோ கலைஞர் கிளென் கூல்ட். யோஹான் செபாஸ்டியன் பாக்கின் ஏ மைனர் ஃபியூக் ஒன்றைப் பதிவுசெய்தபோது 6ஆம் வாசிப்பும் 8ஆம் வாசிப்பும் தேறின என்றும், தனித்தனியே கேட்டபோது இரண்டுமே சலிப்பூட்டியதால் ஒன்றைத் தொடக்கத்திற்கும் முடிவிற்கும், மற்றொன்றை நடுப்பகுதிக்கும் வைத்து இணைத்ததாகவும் 1966இல் வெளிவந்த தம் கட்டுரையில் அவர் விளக்கினார். இரு வாசிப்புகளின் வேகமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததே அந்த இணைப்பைச் சாத்தியமாக்கியது. இரண்டும் எழுதப்பட்ட ஒரே இசைப்பனுவலின் வாசிப்புகள் என்பதும் கருதத்தக்கது. இது பின்னர்ப் பயன்படும்.

1991இல் டிஜிடிசைன் நிறுவனம் நான்கு தடங்களுடன் புரோ டூல்ஸை வெளியிட்டது. இதில் வெட்டு என்பது பதிவான கோப்பைத் தொடுவதில்லை. கோப்பின் எப்பகுதியை எவ்விடத்தில் ஒலிக்கச் செய்வது என்ற குறிப்பு மட்டுமே மாறுகிறது. வெட்டிய துண்டின் ஓரத்தை இழுத்தால் மறைந்த பகுதி மீண்டும் வெளிப்படும். வெட்டும் அச்சம் இவ்வாறு நீங்கியது பெரும் நன்மை. ஆனால் வெட்டும் இடத்தைத் தேடும் பொறுப்பு காதிலிருந்து கண்ணுக்கு மாறியது.

கண் காண்பது அலைவடிவத்தை. அது காலத்தையும் ஒலியின் வலுவையும் காட்டும். சுரத்தையோ கமகத்தையோ சொல்லையோ காட்டாது. மிருதங்கத்தின் அடி செங்குத்தான முகடாகத் தெரியும். தோடியின் காந்தார அசைவோ சற்றே பருத்து மெலியும் ஒரு பட்டையாக மட்டுமே தெரியும். விசைப்பலகையின் டேப் விசையை அழுத்தி ஒலியின் அடுத்த தாக்குதலுக்குத் தாவும் வசதி இம்மென்பொருளில் உண்டு. தாளக் கருவிகளுக்கு அது மிகச் சிறந்த வழி. அகாரத்தில் ஒரே மூச்சில் இழையும் குரலிலோ தாக்குதல் என்பதே இல்லை. விசையை அழுத்தினால் சுட்டி முழுச் சங்கதியையும் கடந்து போய்விடும். தாவ இயலாத இடத்தில் தொகுப்பாளரின் கவனமும் நிற்பது அரிது.

கட்டத்தின் காலம்

புரோ டூல்ஸில் வெட்டு முறைகள் நான்கு: ஷஃபிள், ஸ்பாட், ஸ்லிப், கிரிட். கிரிட் முறையில் தெரிவுகள் அனைத்தும் அருகிலுள்ள கட்டக் கோட்டில் ஒட்டிக்கொள்ளும். வேறு ஏற்பாடு செய்யாவிடில் புதிய செஷன் நிமிடத்திற்கு 120 அடிகள், நான்கிற்கு நான்கு என்ற அளவில் திறக்கிறது. ஓர் அளவு சரியாக 2 விநாடி. கிளிக் ஒலி இன்றிப் பாடப்பட்ட பாட்டிற்கும் இக்கோடுகளுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் அவை திரையில் நிற்கும், கையை ஈர்க்கும்.

கிளிக் ஒலிக்குப் பாடினால் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்கள் திரையில் இரண்டு சம அளவுகளாகின்றன. லகு ஓர் அளவு, இரு துருதங்கள் ஓர் அளவு. இரண்டும் ஒரே தோற்றம் உடையன. பாட்டின் எடுப்பு சமத்திலிருந்து ஒன்றரை அட்சரம் தள்ளி அமைந்திருப்பின், கோட்டிலிருந்து கோடு வரை வெட்டப்படும் ஆவர்த்தனத்தின் தலைப்பகுதியில் முந்தைய சங்கதியின் வால் இருக்கும். அதனைப் பிறிதோர் இடத்தில் ஒட்டும்போது அடிகள் துல்லியமாகப் பொருந்தும், வரி பிழைபடும். எண்ணிக்கை சரியாக இருப்பதால் இப்பிழை திரையில் தென்படுவதில்லை.

பாடப்பட்ட இசையைப் பின்பற்றிக் கட்டத்தை அமைக்கும் வழியும் இதே மென்பொருளில் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. 'ஐடென்டிஃபை பீட்' என்னும் கட்டளையால் சமம் விழும் இடங்களை ஒவ்வொன்றாகச் சுட்டினால் கட்டக் கோடுகள் பாடகரின் காலப்பிரமாணத்திற்கேற்ப விரிந்து சுருங்கும். அதற்குத் தொகுப்பாளர் பாட்டு முழுவதற்கும் தாளம் போட்டுக் கேட்க வேண்டும். ஆகவே, குறை மென்பொருளின் ஆற்றலில் இல்லை. எது முயலாமலே கிடைக்கிறது, எது முயன்றால் மட்டுமே கிடைக்கிறது என்ற வரிசையில் உள்ளது.

மௌனத்தை உரித்தல்

தாளமற்ற விருத்தத்தில் இவ்வரிசை மேலும் கூர்மையாகப் புலப்படுகிறது. விருத்தத்தில் ஓர் அடி முடிந்து அடுத்த அடி எழும் முன் நிற்கும் கார்வை பாட்டின் இடைவெளியன்று, பாட்டின் உறுப்பு. சொன்ன சொல்லின் பொருள் கேட்பவரிடம் சேர்வது அங்கேதான். வயலின் அவ்விடத்தில் பாடகரின் கடைசி இழையைப் பற்றிக்கொண்டு தொடர்கிறது.

'ஸ்ட்ரிப் சைலன்ஸ்' என்ற கட்டளை, குறிப்பிட்ட டெசிபல் அளவிற்குக் கீழே உள்ளவற்றை எல்லாம் தடத்திலிருந்து நீக்குகிறது. அதன் பெயரை 'மௌனத்தை உரி' என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் அதன் கோட்பாடு விளங்கும்: மௌனம் என்பது ஓர் எண்ணுக்குக் கீழ்ப்பட்ட ஒலி. தேய்ந்து அடங்கும் குரலின் நுனி அந்த எண்ணைத் தாண்டியதும் அறுபடும். குரல் ஒலிவாங்கியில் கசிந்த தம்புராவும் உடன் அற்று, அடுத்த அடியில் திடீரெனத் திரும்பும். துண்டுகளின் முன்னும் பின்னும் சிறிது இடம் விடும் ஏற்பாடு இருந்தாலும் அனைத்துத் துண்டுகளுக்கும் அது ஒரே அளவுதான். கார்வைகளோ ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை.

ஷஃபிள் முறை மேலும் கடுமையானது. ஒரு துண்டை நீக்கினால் பின்னுள்ளவை அனைத்தும் முன்னே நகர்ந்து இடைவெளியை மூடிவிடும். உரைப்பேச்சைத் தொகுப்போருக்கு இது பெரிதும் உதவும். ஒரே மேடையில் அமர்ந்து பாடிய கச்சேரியில் குரல் தடத்தை மட்டும் இவ்வாறு நகர்த்தினால், குரல் ஒலிவாங்கியில் கசிந்த மிருதங்கம் ஓரிடத்திலும் மிருதங்கத் தடம் வேறிடத்திலும் ஒலிக்கும். எல்லாத் தடங்களையும் ஒரு குழுவாக்கியே வெட்ட வேண்டும். ஷஃபிள் முறையைத் தவறுதலாகத் தொடாதவாறு பூட்டிவைக்கும் வசதியை மென்பொருளே தருகிறது; இதன் ஆபத்தை ஆக்கியோரும் அறிந்திருந்தனர் எனக் கொள்ளலாம்.

மறையும் பாடவேறுபாடுகள்

ஒரு தடத்தின் பல பதிவுகளை 'பிளேலிஸ்ட்' என்னும் மாற்று அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் சிறந்த பகுதியைத் தேர்ந்து ஒன்றாக்குவது இன்றைய பொது வழக்கம். கூல்ட் செய்ததும் இதுவே எனலாம். ஆனால் அவர் இணைத்த இரண்டும் ஒரே பனுவலின் வாசிப்புகள். விருத்தத்தில் சொற்கள் மட்டுமே முன்பே உள்ளவை. இராகத்தின் வழி அப்போதைக்கப்போது பிறப்பது. முதற்பதிவில் பாடகர் முதலடியைத் தார சட்ஜத்தில் நிறுத்தியதனால்தான் இரண்டாமடி இறங்கி வந்தது. மூன்றாம் பதிவின் முதலடியை அதற்கு முன் ஒட்டினால், காரணம் இல்லாத விளைவே எஞ்சும்.

பாடவேறுபாடுகளோடு பழகிய தமிழாய்வாளருக்கு இச்சிக்கல் புதிதன்று. உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் ஒரு பாடத்தைத் தேர்ந்தபோது தேராதவற்றைப் 'பி-ம்.' என்ற குறியுடன் அடிக்குறிப்பில் தந்தார். வாசகர் அவரோடு மாறுபட அது இடமளித்தது. செஷன் கோப்பிலும் தேராத அடுக்குகள் யாவும் உள்ளன. ஒவ்வொரு வெட்டின் இடமும் உள்ளது. இரண்டு தடக் கலவையாக ஏற்றுமதி செய்யும் கணத்தில் அவை ஒருசேர மறைகின்றன. வெளியான பதிவைச் சான்றாகக் கொண்டு ஒரு பாடகரின் இராக நடையையோ கார்வையின் கால அளவையோ ஆராய்பவர், அளப்பது பாடகரின் மூச்சையா தொகுப்பாளரின் மவுஸையா என்பதை அப்பதிவிலிருந்து மட்டும் அறிய இயலாது. இசை ஆவணக் காப்பகங்கள் முடிந்த கலவையோடு செஷன் கோப்பையும் அதன் மூல ஒலிக்கோப்புகளையும், வெட்டப்படாத அடுக்குகள் உட்பட, கேட்டுப் பெற வேண்டும்; மென்பொருளின் பதிப்பு எண்ணையும் உடன் குறித்துவைக்க வேண்டும்.