25-ஆ, 150-ஆ?

2000 சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனிய ஜிம்னாஸ்டிக் வீராங்கனை ஆண்ட்ரியா ரடுகானிடமிருந்து தனிநபர் ஒட்டுமொத்தப் பிரிவின் தங்கம் பறிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 16. சளிக்கென்று அணி மருத்துவர் கொடுத்த மாத்திரையில் சூடோஎபிட்ரின் இருந்தது. சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 90 மைக்ரோகிராமைச் சற்றே தாண்டியிருந்தது. அன்றைய வரம்பு 25. 2004இல் அந்த மருந்து தடைப் பட்டியலிலிருந்தே நீங்கியது. 2010இல் மீண்டும் சேர்த்தபோது வரம்பை 150 ஆக்கினார்கள். அதாவது, அவர் தங்கத்தை இழக்கக் காரணமான அளவு இன்று குற்றமே இல்லை.

ஊக்கமருந்துப் பரிசோதனையைக் குறைசொல்பவர்கள் பெரும்பாலும் கருவியைத்தான் சந்தேகிக்கிறார்கள். முதல்கட்டச் சோதனையைப் பொறுத்தவரை அது நியாயமே. வேலையிடங்களிலும் மருத்துவமனைகளிலும் நடக்கும் அந்த மலிவான சோதனை ஆன்டிபாடிகளை நம்பியது. அச்சு அசலாக இல்லாவிட்டாலும் சாயல் ஒத்துப்போனால் ஏமாந்துவிடும். ரத்த அழுத்தத்துக்கான லாபெட்டலாலும் மனச்சோர்வுக்கான புப்ரோபியானும் அதற்கு ஆம்பெட்டமைனாகத் தெரிவதுண்டு. அதனால்தான் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் உறுதிசெய்யாமல் யாரையும் குற்றவாளி ஆக்கக்கூடாது. அந்தக் கட்டத்தைத் தாண்டியபின் மூலக்கூறு எது என்பதில் சந்தேகம் அரிது. ஆனாலும் ஒரு கண்ணி உண்டு: பார்க்கின்சன் நோய்க்கான செலிஜிலின் உடலுக்குள் மெத்தாம்பெட்டமைனின் இடக்கை வடிவமாக மாறுகிறது. போதைக்கு விற்கப்படுவது பெரும்பாலும் வலக்கை வடிவம். இரண்டையும் தனியே பிரித்துப் பார்க்காத ஆய்வகம், நோயாளிமீது பழி போட்டுவிடும்.

என் பார்வையில் பெரிய பலவீனம் கருவியில் இல்லை, சிறுநீரில்தான். அமிலத்தன்மை கூடினால் ஆம்பெட்டமைன் வேகமாக வெளியேறும். காரத்தன்மை கூடினால் உடலிலேயே தங்கும். லண்டனில் மருந்து வேதியியலாளர் ஆர்னால்ட் பெக்கெட் 1960களிலேயே இதைக் காட்டிவிட்டார். சூடோஎபிட்ரினும் அப்படித்தான். குடித்த தண்ணீரின் அளவும் செறிவை மாற்றும். சிறுநீரின் ஒப்படர்த்தியைப் பார்ப்பது இதை ஓரளவே ஈடுகட்டும். ஒரே அளவு மாத்திரை விழுங்கிய இருவரில் ஒருவர் வரம்புக்குள்ளும் மற்றவர் வெளியிலும் நிற்கலாம்.

கொக்கெயினுக்கு இந்தக் கவலை குறைவு. விளையாட்டில் அதற்கு இத்தகைய வரம்பு எண்ணே கிடையாது. சிக்கல், மருந்துக்கடையில் கிடைப்பவற்றில்தான். போட்டிக்கு 24 மணி நேரம் முன்பே சூடோஎபிட்ரினை நிறுத்தச் சொல்கிறது உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை. நல்ல அறிவுரைதான், ஆனால் எல்லா உடலும் ஒரே வேகத்தில் மருந்தை வெளியேற்றுவதில்லை. வரம்பையொட்டி வரும் முடிவுகளிலாவது சிறுநீரின் அமில கார நிலையையும் மருந்து எடுத்த நேரத்தையும் எடைபோட்ட பிறகே தண்டனை எழுதப்பட வேண்டும்.