அடா பத்திரம், வெகுமதிக்கு யார் பொறுப்பு?

நாணயத்தைப் பங்காகக் காட்டி வெகுமதி ஈட்டும் ஸ்டேக்கிங் என்றதும் முதலீட்டாளர் கேட்கும் முதல் கேள்வி, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கிடைக்கும் என்பதுதான். அடா நாணயத்தின் கார்டானோ பிளாக்செயினில், பலரின் பங்கைச் சேர்த்து பிளாக் உருவாக்கும் குழுமங்களில் ஒழுங்காக நடப்பவை எல்லாமே, கட்டணத்தை ஒதுக்கிவிட்டு நீண்ட காலச் சராசரியைப் பார்த்தால், கிட்டத்தட்ட ஒரே விடையைத்தான் தரும். வெகுமதியைத் தீர்மானிப்பது நெட்வொர்க்கின் விதி. குழுமத்தை நடத்துபவரின் கையில் இருப்பவை கட்டணமும் கவனமும் மட்டுமே.

2020 ஜூலையில் ஷெல்லி மேம்படுத்தலோடு வந்த இந்த முறையின் பெரிய பலம், முதலுக்கு மோசம் வராதது. சீட்டுக் கட்டுபவர் பணத்தைச் சீட்டு நடத்துபவரிடம் கொடுத்தாக வேண்டும். இங்கே அடா நாணயம் உரிமையாளரின் வாலட்டை விட்டு நகர்வதே இல்லை. நினைத்தபோது செலவழிக்கலாம், குழுமம் மாறலாம். பதிவுக்குக் கட்டும் 2 அடா வைப்புத்தொகையும் விலகும்போது திரும்பிவிடும். 2022 ஜூனில் செல்சியஸ் என்ற கிரிப்டோ கடன் நிறுவனம் வாடிக்கையாளர்கள் பணம் எடுப்பதைத் திடீரென நிறுத்தியது; அடுத்த மாதமே திவால் மனு போட்டது. நாணயத்தை யாரிடமும் ஒப்படைக்காதவருக்கு அந்த ஆபத்து இல்லை. எத்தீரியம் நெட்வொர்க்கில், பிளாக்குகளைச் சரிபார்க்கும் வேலிடேட்டர் விதிமீறினால் அவரது முதல் தொகையிலேயே வெட்டு விழும். கார்டானோவில் அதுவும் கிடையாது.

தண்டனை இல்லாததற்கும் ஒரு விலை உண்டு. குழுமம் நடத்துபவர் அசட்டையாக இருந்தால் யாருடைய முதலும் குறையாது, வர வேண்டிய வெகுமதிதான் சத்தமில்லாமல் நின்றுபோகும்.

எங்கெல்லாம் தவறலாம்? பிளாக் உருவாக்கும் நோடை, அதாவது கணினியை, நேரடியாக இணையத்தில் திறந்து வைக்காமல், ரிலே நோடுகளுக்குப் பின்னால் மறைத்து வைக்க வேண்டும். குழுமத்தின் மூலச் சாவி இணையமே தொடாத கணினியில் இருக்க வேண்டும். அதைக் கொண்டு, பிளாக்கில் கையெழுத்திடும் சாவியைச் சுமார் 90 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மறந்துவிட்டால் நோடு ஓடிக்கொண்டிருக்கும், பிளாக் மட்டும் பிறக்காது. இதைவிடக் கடுமையானது பிளெட்ஜ் விதி. தன் சொந்தப் பங்காக இவ்வளவு அடா வைப்பேன் என்று நடத்துபவர் அறிவித்த தொகை, கணக்கெடுக்கும் வேளையில் சற்றே குறைந்திருந்தாலும் எபோக் எனப்படும் அந்த ஐந்து நாள் காலத்துக்கு முழுக் குழுமத்துக்கும் வெகுமதி பூஜ்யம். அவர் அவசரத்துக்குக் கொஞ்சம் எடுத்ததற்கு, நம்பிச் சேர்ந்தவர்கள் அனைவரும் இழக்கிறார்கள்.

கட்டண அமைப்பிலும் கோணல் இருக்கிறது. ஒரு எபோக்குக்கு 340 அடாவாக இருந்த குறைந்தபட்ச நிலைக்கட்டணம் 2023 அக்டோபரில் 170 ஆகக் குறைந்தது. பங்கு பிரிக்கும் முன்பே இது கழிக்கப்படும். ஆகவே ‘0 சதவீதக் கட்டணம்’ என்ற விளம்பரத்தை அப்படியே நம்புவதற்கில்லை. பத்து லட்சம் அடா சேர்ந்த குழுமத்துக்குச் சராசரியாக எபோக்குக்கு ஒரு பிளாக்தான் வாய்க்கும். சில எபோக்குகளில் ஒன்றுமே கிடைக்காது. அந்த ஒற்றை வரவில் 170 போனால் மிச்சம் மெலிந்துவிடும். ஐந்து கோடி அடா வைத்திருக்கும் குழுமத்துக்கு அதே தொகை தூசு. சிறியவை இன்னும் சிறுத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரியவை அளவுமீறி வளராமல் இருக்க ஓர் உச்சவரம்பு உண்டு: சுமார் ஏழரைக் கோடி அடாவைத் தாண்டினால் ஒவ்வொருவர் பங்கும் குறையும். நல்ல யோசனைதான். ஆனால் ஒரே ஆள் இரண்டாவது, மூன்றாவது குழுமம் தொடங்குவதை இது தடுக்கவில்லை. பைனான்ஸ் எக்ஸ்சேஞ்ச் டஜன் கணக்கில் நடத்தியது. பிளெட்ஜ் அதிகம் வைப்பவருக்குத் தரும் கூடுதல் வெகுமதியும், கோடிக்கணக்கில் வைத்தால்தான் கண்ணில் படும்.

நடத்துபவரின் கவனம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம்: 2025 நவம்பரில் பிழையாக அமைந்த ஒரு பரிவர்த்தனையால் கார்டானோ சங்கிலியே இரண்டாகப் பிளந்தது. நடத்துபவர்கள் திருத்தப்பட்ட மென்பொருளை நிறுவிய பிறகே அது ஒன்று சேர்ந்தது. அன்று விழித்திருந்தவர் யார் என்பதை எந்தச் சதவீதப் பட்டியலும் காட்டாது.

எனவே தேர்ந்தெடுப்பவர் பார்க்க வேண்டியவை வேறு. சேர்ந்திருக்கும் தொகைக்கு ஏற்றபடி பல மாதங்களாகப் பிளாக்குகள் வந்திருக்கின்றனவா? சிறு குழுமத்தில் ஓரிரு எபோக்கைப் பார்த்தால் துரதிர்ஷ்டத்தையும் கவனக்குறைவையும் பிரித்தறிய முடியாது. பிளெட்ஜ் எப்போதாவது தவறியிருக்கிறதா? ஆள் சேர்ந்தபின் கட்டண விகிதம் சட்டென்று ஏறியிருக்கிறதா? இவையெல்லாம் சங்கிலியிலேயே பதிவாகியிருப்பவை. வெகுமதி தாமதமாகவே வருவதால், இன்றைய தவறு வாலட்டில் உடனே தெரியாது. மாதம் ஒருமுறையாவது பதிவைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. மாற நேர்ந்தாலும், பழைய குழுமம் ஈட்டியது வந்து முடியும் வேளையில் புதியதன் வரவு தொடங்கிவிடும்; செலவு ஒரு சிறு பரிவர்த்தனைக் கட்டணம் மட்டுமே.