வெள்ளம் வந்தபின் நீச்சல் பயிற்சியா?

2021 மே 3ஆம் நாள் மத்திய அரசு வெளியிட்ட ஓர் அறிவிப்பை வாசகர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். கொரோனா இரண்டாம் அலையில் மருத்துவர்கள் போதாமல் நாடு தவித்த நேரம் அது. இறுதியாண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்கள் தொலைவழி ஆலோசனைக்கும், லேசான நோயாளிகளைக் கண்காணிப்பதற்கும் பயன்படுத்தப்படலாம். உரிய பயிற்சிக்குப் பின் பேராசிரியர்களின் மேற்பார்வையில் அவர்கள் பணியாற்ற வேண்டும் என்றது அறிவிப்பு. தடுப்பூசி, காப்பீடு ஆகியவற்றையும் அது மறக்கவில்லை. நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை.

குறை, அது வந்த காலத்தில் இருக்கிறது. அடுத்த சில நாள்களிலேயே அன்றாடத் தொற்று நான்கு லட்சத்துக்கும் மேலாகி உச்சத்தை எட்டியது. வார்டை விட்டு அகல முடியாத பேராசிரியர் எப்போது பயிற்சி தருவார்? எப்படி மேற்பார்வையிடுவார்?

‘லேசான நோயாளி’ என்ற சொல்லும் ஏமாற்றக்கூடியது. கொரோனாவில் சிலருக்கு மூச்சுத்திணறல் தோன்றாமலே இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். தொலைபேசியில் நன்றாகத்தான் பேசுவார்கள். அதைக் காட்டிக்கொடுப்பது விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர். சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளை விரலினூடே செலுத்தி, இரத்தம் அவ்விரண்டையும் எந்த விகிதத்தில் உறிஞ்சுகிறது என்பதிலிருந்து அது ஆக்சிஜன் அளவைக் கணக்கிடுகிறது. நகப்பூச்சு இருந்தாலோ, விரல் குளிர்ந்திருந்தாலோ, கை அசைந்தாலோ அளவீடு பிழைபடலாம். “94க்குக் கீழே இருக்கிறதா?” என்று கேட்பது எளிது. அந்த எண்ணை நம்பலாமா என்று விசாரித்தறியத்தான் பயிற்சி வேண்டும். இயற்பியல் ஆய்வகத்தில் தவறான அளவீட்டை அடித்துவிட்டு மீண்டும் எடுக்கலாம். இங்கே அத்தவறு ஓர் உயிரையே பறிக்கக்கூடும்.

இது புதிய குறையும் அன்று. 1918 இன்ஃபுளுவென்சாவின்போது அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவராக இருந்தவர் ஐசக் ஸ்டார். 1976இல் அவர் எழுதிய நினைவுக் கட்டுரையைப் படித்துப் பாருங்கள். அந்நோய் பற்றி ஒரே ஒரு விரிவுரை. அதன்பின் அவரும் தோழர்களும் தற்காலிக மருத்துவமனையில் செவிலியர் பணிக்கு அனுப்பப்பட்டனர். நூறாண்டுகளுக்குப் பின்னும் நாம் அதிகம் முன்னேறவில்லை.

2021இல் எங்கள் ஜெயங்கொண்டம் இருக்கும் அரியலூர் மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரியே இல்லை. 2022 ஜனவரியில்தான் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. முதலாண்டு முதலே மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்துச் சந்திக்கும் திட்டமும் இன்று எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் உண்டு. கொள்ளைநோய் இல்லாத இந்நாளிலேயே அந்த வீட்டுத் திண்ணைகளில் ஆக்சிமீட்டரைக் கையாளவும், கேள்வி கேட்கவும் மாணவர் பழகட்டும். பேராசிரியர் அருகிருந்து திருத்தட்டும். மருத்துவம் படிக்க விரும்பும் இளைஞர்களே, இப்பயிற்சியை நீங்களே கேட்டுப் பெறுங்கள்.